ஓர் இங்கிலீஷ் சொல்லுக்குத் திவசம்

என் முன்னால் வாழையிலை. இலைக்கு அந்தப் பக்கம், பஞ்சகச்சத்தோடு கைகூப்பி நிற்கிறான் என் அத்தை பிள்ளை கணேசன். அவன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டே சொல். சம்ஸ்கிருதம்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. திவசம் செய்துவைக்கும் வாத்தியார் சொல்லிக்கொடுப்பார், இவன் திருப்பிச் சொன்னால் போதும்.

வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்.

கணேசன் திருப்பிச் சொல்லவில்லை.

"ம்... சொல்லும்," என்றார் வாத்தியார்.

வெளியே, வைகாசி நடுவில் பிடிக்கும் எடவப்பாதி மழை. திருவனந்தபுரம் வலியசாலையில் கணேசன் வீட்டு ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் நடுமுற்றத்தில் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. கணேசன் என் தொன்னையின் அடியில் ஒட்டியிருந்த சக்கப் பிரதமனையே, அந்தப் பலாப்பழப் பாயசத்தையே, பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் அவனுக்குக் கைகொடுக்க முடியாது. ஏனென்றால் அந்த நேரத்தில் நான் நானில்லை. சாஸ்திரப்படி நான் அவனுடைய அப்பா. இறந்து ஒரு வருஷம் ஆனவர்.

இதை விளக்குவதற்கு முன் ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'விஷயத்துக்கு வராமல் சுற்றுகிறீர்கள்' என்று என் போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் இந்த வாரம் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

அத்திம்பேரும் பலாப்பழமும்

கணேசனின் அம்மா என் அப்பாவின் தங்கை. அந்த முறையில் நான் அவனுக்கு அம்மாஞ்சி. அதாவது மாமா பிள்ளை. அம்மாஞ்சி என்றால் அசடு என்றும் ஊரில் ஓர் அர்த்தம் உண்டு. அவன் எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறான் என்று ஐம்பது வயது தாண்டியும் நான் விசாரித்துக்கொள்ளவில்லை. சில விஷயங்களில் தெளிவு ஆபத்து.

அவனுடைய அப்பாவை நாங்கள் அத்திம்பேர் என்போம். பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கர். வாரக் கடைசியில் மலையிறங்கி வீட்டுக்கு வருவார். பலாக் காலமென்றால் தனியாக வர மாட்டார். மடியில் ஒரு முழுப் பழம் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பழம் ஒரு பக்கம் சாயும்; அத்திம்பேர் மறுபக்கம் சாய்வார். ஒரு தடவை பழம் மடியிலிருந்து நழுவி, பஸ்ஸின் நடுவே உருண்டு, டிரைவர் சீட்டின் பின்னால் போய் முட்டிக்கொண்டு நின்றதாம். கண்டக்டர் வந்து, "ஸ்வாமீ, இதினும் டிக்கெட் வேணம்" என்றாராம். "எடுக்கறேன். அதுக்கும் ஒரு சீட் காலி பண்ணிக் கொடும்," என்றாராம் அத்திம்பேர்.

சாப்பாட்டை அவர் பாயசத்தில் தொடங்குவார், பாயசத்தில் முடிப்பார். நடுவில் வரும் சாம்பாரும் ரசமும் அவருக்குச் சின்ன ஸ்டேஷன்கள். வண்டி நிற்கும், இவர் இறங்க மாட்டார். ஒரு மனிதர் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தே நமக்கும் பசி எடுக்கும் என்றால் அது அவர்தான்.

அப்படிப்பட்டவருக்குக் கடைசிக் காலத்தில் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டது. அத்தை அதற்கு முன்பே போய்விட்டாள். கணேசனும் அவன் மனைவி ஜெயாவும்தான் பார்த்துக்கொண்டார்கள். கணேசன் செக்ரட்டேரியட்டில் உத்தியோகம் பார்த்தவன். மேலேயிருந்து வந்த உத்தரவை ஒரு புள்ளி மாறாமல் கீழே நிறைவேற்றுவதில் பெயர் வாங்கியவன். டாக்டர் சொன்ன பத்தியத்தையும் அப்படியே நிறைவேற்றினான். உப்பு கிடையாது, வெல்லம் கிடையாது, பழம் கிடையாது. தண்ணீர்கூட அளந்துதான்.

போவதற்குச் சில நாள் முன்னால், எதிர் வீட்டில் பலாச்சுளையை வெல்லம் போட்டுக் கிளறி வரட்டினார்கள். வாசனை தெருவைத் தாண்டி வந்து, கட்டிலில் கண்மூடிக் கிடந்தவரை எழுப்பியது.

"கணேசா, சக்கப் பிரதமன் ஒரு ஸ்பூன் கிடைக்குமோ?"

"டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்பா. அது கழிச்சுப் பாக்கலாம்."

"செரி," என்றார் அத்திம்பேர்.

அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தரம் கேட்கவில்லை. ரிசல்ட் வந்தபோது அவர் இல்லை.

திட்டியிருந்தால் கணேசன் தப்பித்திருப்பான். திட்டுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். 'செரி' என்பதற்கு என்ன பதில் சொல்வது?

ஜெயா சொன்னது

காரியங்கள் முடிந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் ஜெயா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணா, அவர் ரொம்ப ஸேடா இருக்கார்."

"அப்பா போயிருக்கார். வெஷமம் இருக்காதா?"

திருவனந்தபுரத்துத் தமிழுக்குப் புதியவர்களுக்கு: இங்கே வெஷமம் என்றால் துக்கம். மலையாளக் காற்று பட்டு அப்படி ஆகிவிட்டது. சென்னையில் ஒரு சாவு வீட்டில் போய் 'எனக்கு ரொம்ப வெஷமம்' என்று சொல்லி, நான் ஏதோ குறும்பு செய்யப்போகிறேன் என்று என்னைச் சுற்றி நின்றவர்கள் ஜாக்கிரதையானது தனிக்கதை.

"வெஷமம்னா எனக்குத் தெரியாதா?" என்றாள் ஜெயா. "வெஷமம்னா அழுவா, கத்துவா, தட்டைத் தள்ளுவா. இவர் ஒண்ணையும் தள்ளறதில்லை. அதாக்கும் எனக்கு பயம். ஒரு நாள் வேணும்னே ரசத்துல புளி விடாம வெச்சேன். சாப்பிட்டார். நன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை? கிடையாது. இன்னும் கொஞ்சம் போடட்டான்னா, மதி, போறும்ங்கறார். இனிப்பு மாத்திரம் தொடறதில்லை. கல்யாணத்துல மூக்கு முட்டச் சாப்பிட்டவா, எதைக் கொண்டு காட்டினாலும் தலையை ஆட்டுவாளே, அது மாதிரி இருக்கார். உள்ளே என்னமோ ரொம்பிக் கிடக்கு. அதான் ஸேடுன்னேன். வேற என்ன சொல்லறதுன்னு தெரியலை."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எதிரே ஒருவர் கண் கலங்கினால் என் கை தோளைத் தட்டப் போகாது. அகராதியைத் தேடிப் போகும். இந்தக் குணத்தால் எத்தனையோ நண்பர்களை இழந்திருக்கிறேன். அவள் போனதும் புத்தக அலமாரியில் இருந்த தலையணை மொத்த இங்கிலீஷ் அகராதியை இறக்கினேன். சொற்களின் பூர்வீகம் சொல்கிற அகராதி அது.

மூன்றெழுத்தின் பரம்பரை

எஸ், ஏ, டி. மூன்றே எழுத்து. எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூட அர்த்தம் தெரியும். வாய் கீழ்ப்பக்கம் வளைந்த வட்ட மூஞ்சி. இதற்கெல்லாம் ஒரு வம்சம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்க்கிற ஆள் ஒரு நாள் சட்டையைச் சரிசெய்துகொண்டு, 'எங்கள் பாட்டனார் ராஜா' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரன் இந்தச் சொல்லைச் சொன்னபோது துக்கத்தைச் சொல்லவில்லை. 'வயிறு நிறைந்தவன்' என்று சொன்னான். உண்டு முடித்தவன். இனி ஒரு கவளத்துக்கும் இடம் இல்லாதவன்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அப்படித்தான் இருந்தது. சற்று முன் எங்கள் கூடத்தில், ஆறிப்போன காப்பியோடு ஜெயா சொன்னதுதான்.

நிறைந்தவனுக்கு அடுத்தபடி தெவிட்டும். தெவிட்டியவனுக்குச் சலிப்பு. சலித்தவன் அசைய மாட்டான், கனத்துப் போவான். ஆகவே அந்தச் சொல்லுக்குக் கனமான, கெட்டியான என்று அர்த்தம் விரிந்தது. உள்ளே பொள்ளல் இல்லாமல் முழு இரும்பால் செய்த இஸ்திரிப் பெட்டிக்கு இந்தச் சொல்லைத்தான் அடைமொழியாகப் போட்டார்கள். உப்பி எழாமல் அமுங்கிப்போன ரொட்டிக்கும் இதுவே. கனத்திலிருந்து உறுதி, உறுதியிலிருந்து சிரிக்காத முகம், சிரிக்காத முகத்திலிருந்து துக்கம். ஒரு நாளில் நடந்ததல்ல. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக, பேசியவர்கள் ஒருவருக்கும் தெரியாமல், ஒரு சொல் பந்தியிலிருந்து எழுந்து, மெதுவாக நடந்து, சாவு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வழி எனக்குத் தெரிந்த வழியாக இருந்ததுதான் இன்னும் ஆச்சரியம். தமிழில் நிறை என்றால் நிரம்புவது. நிறை என்றால் எடையும்தான். தராசுக்கு நிறைகோல் என்றே பழைய பெயர். துக்கம் வந்தால் மனசு கனக்கிறது என்கிறோம். அவர்கள் நம்மைக் கேட்கவில்லை, நாம் அவர்களைக் கேட்கவில்லை. கடலுக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் மனிதர்கள் தங்கள் வயிற்றையும் மனசையும் தொட்டுப் பார்த்து, ஒரே திசையில் கையைக் காட்டியிருக்கிறார்கள்.

பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெர்மன்காரர் இன்றைக்கும் வயிறு நிறைந்தது என்பதற்கு ஏறக்குறைய இதே சொல்லைச் சொல்லித் தட்டை நகர்த்துகிறார். அந்தக் கிளைக்குத் துக்கத்தின் விலாசமே தெரியாது. லத்தீனில் 'போதும்' என்பதற்கான சொல் இதே ரத்தம். அதன் வழியாக வந்தது ஸாடிஸ்ஃபேக்ஷன். அதன் வழியாகவே வந்தது அஸெட். நான் பாங்கில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் அஸெட் அஸெட் என்று எழுதித் தள்ளினேனே, அதற்கு மூல அர்த்தம் 'போதுமான அளவு'. பாங்கில் ஒருவரும் அந்த அர்த்தத்தில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

அடுத்த வரியில் என்னையே பார்த்தேன். கேலி எழுத்துக்கு இங்கிலீஷில் ஸடையர் என்று பெயர். பல பண்டங்களைக் கலந்து குவித்த ரோமாபுரித் தட்டு ஒன்றின் பெயரிலிருந்து அது வந்தது என்கிறார்கள். நிறைந்த தட்டு. அதுவும் இதே குடும்பம். அதாவது, இந்தப் பத்திரிகையில் வாராவாரம் உங்களைச் சிரிக்கவைக்க நான் செய்யும் தொழிலும், எங்கள் தெருவின் எதிர்ச் சாரியில் கணேசன் உட்கார்ந்திருக்கும் இருப்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

கடைசியாக, நம் பக்கத்துச் சொந்தம் ஒன்று. வேதத்தில் வரும் பழைய சொல்: அசின்வ. எதிர்மறையாகத்தான் கிடைக்கிறது. நிறையாத, எத்தனை போட்டாலும் அடங்காத. தின்று தின்று தணியாத நெருப்புக்குச் சொல்வது. ஒரே வீட்டிலிருந்து பிரிந்து போனவர்களில் ஜெர்மன்காரருக்கு நிறைந்த வயிறு கிடைத்தது. இங்கிலீஷ்காரருக்குத் துக்கம் கிடைத்தது. நம் பக்கம் வந்த கிளைக்குக் கிடைத்தது பசி.

அறை இருட்டிவிட்டது. நான் விளக்குப் போடவில்லை. மூன்று எழுத்துக்குள் இத்தனை பேர் சாப்பிட்டு, சலித்து, கனத்து, அழுதிருக்கிறார்கள் என்றால், நாம் ஒரு நாளில் வாயைத் திறந்து கொட்டுகிற அத்தனை சொல்லுக்குள்ளும் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"இருட்டுல என்ன பண்றேள்?" என்றாள் என் மனைவி.

"ஒரு வார்த்தையைப் பாத்துண்டிருக்கேன்."

"பாத்து முடிஞ்சா போய்ப் பால் வாங்கிண்டு வாங்கோ."

காலியான ஆசனம்

வருஷத் திவசம் வந்தது. தெரியாதவர்களுக்கு அதன் சாரம் இது: இறந்தவரின் இடத்தில் ஒருவரை உட்காரவைப்பார்கள். கால் அலம்பி, வேட்டி கொடுத்து, இறந்தவருக்கே போடுவதாக நினைத்து இலை போடுவார்கள். அவர் வயிறு நிறைந்தால் இறந்தவர் வயிறு நிறைந்தது.

முந்தின நாள் மத்தியானம் வாத்தியார் குடையோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"பித்ரு ஸ்தானத்துக்கு ஏற்பாடு பண்ணின ஆளுக்குப் பனி. நீர் வந்து உக்காரும்." பனி என்றால் இங்கே காய்ச்சல்.

"நானா? வாத்தியாரே, நான் பத்திரிகையில கிண்டல் எழுதறவன். எனக்கு என்ன யோக்கியதை?"

"யோக்கியதை பாத்துண்டிருந்தா இந்த ஊர்ல பித்ருக்கள் பட்டினியாக்கும். சந்தியாவந்தனம் உண்டோ?"

"உண்டு. அப்பப்போ."

"உண்டுன்னது காதுல விழுந்தது. மதி."

"எனக்குச் சர்க்கரை வேற இருக்கு."

"உமக்கு இருக்கு. நாளைக்கு அந்த இலையில உக்காரறவருக்கு இல்லை," என்றார் வாத்தியார். "இன்னிக்கு ராத்திரி சாப்பிடப்படாது. நாளைக்கு இலையில உக்காந்தா வாயைத் திறந்து பேசப்படாது. நன்னா இருக்குன்னும் சொல்லப்படாது, நன்னா இல்லைன்னும் சொல்லப்படாது. வேணும்னா கையால காட்டும்."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வாத்தியாரே, மாசத்துக்கு ஒண்ணு இப்படி இருந்தா சொல்லுங்கோ. அனுப்பி வைக்கறேன்."

சாயங்காலம் கணேசன் வந்தான். உள்ளே வரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மாஞ்சி, சாப்பிட்டு முடிச்சதும் ஒரு கேள்வி உண்டு, ஓர்மை இருக்கா? திருப்தியான்னு நான் கேக்கணும்."

"அது மந்திரம்டா. வாத்தியார் சொல்லித் தருவார்."

"மந்திரம்தான். பக்ஷே அர்த்தம் தெரியறதே." கம்பியில் வழிந்த தண்ணீரை விரலால் துடைத்தான். "ஒரு ஸ்பூன் கேட்டார். நான் தரலை. பசியோட போனார். அவர்கிட்டப் போய், திருப்தியா அப்பான்னு எந்த மூஞ்சியை வெச்சுண்டு கேப்பேன்? கேக்காட்டா திவசம் முடியாது. கேட்டா, அதைவிட ஒரு பொய் உண்டோ?"

நான் அந்த மூன்றெழுத்துச் சொல்லின் பரம்பரையைச் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, மழை பலத்தது. அவன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான்.

கட்டைவிரல்

காலையில் அவன் என் கால்களை அலம்பினான்.

என்னைவிடச் சில மாதம் பெரியவன். சின்ன வயதில் இதே காலை இடறிவிட்டுக் கைகொட்டிச் சிரித்தவன். குனிந்து, விரலிடுக்கெல்லாம் தண்ணீர் விட்டு, மெல்லத் துடைத்தான். அப்பாவின் கால் என்று நினைத்துத் துடைக்கிற கை எப்படி இருக்கும் என்பது என் காலுக்கு அன்று தெரிந்தது. எனக்குக் கேலியாக ஒன்றும் தோன்றவில்லை. இது அபூர்வம்.

பக்கத்து இலையில் தேவர்களின் இடத்தில், வேதம் முழுக்கக் கற்ற ஒரு கனபாடிகள். அனுபவஸ்தர். கண்ணை மூடிக்கொண்டு சலனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் தேர்வுக்குப் படிக்காமல் போனவன் மாதிரி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துப் பார்த்து எல்லாம் செய்தேன்.

ஜெயா பரிமாறினாள். பாகற்காய், பலாக்காய், பிரண்டைத் துவையல், வடை, எள்ளுருண்டை, தொன்னையில் சக்கப் பிரதமன். திவசத்துக்குப் பாகற்காய் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று கணக்கு. ஆயிரத்தெட்டுக் கறி கேட்டு அடம்பிடித்த ஒரு ரிஷிக்கு, இந்த மூன்றோடு இன்னும் எட்டு வைத்துக் கணக்கைச் சரிக்கட்டினாளாம் இன்னொரு ரிஷியின் மனைவி. பலாவுக்கு அறுநூறு கொடுத்தவர் யாரோ, அத்திம்பேருக்கு அவர் ஜாதகம் பொருந்தியிருக்கும்.

சாப்பிடுமுன் ஒரு சடங்கு. பிள்ளை, இலையில் உட்கார்ந்திருப்பவரின் வலது கட்டைவிரலைப் பிடித்து, இலையிலுள்ள அன்னத்தின்மேல் தொட்டுவைக்க வேண்டும். 'இது உங்களுக்கு' என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? இருப்பவனின் கை, இல்லாதவரின் விரலைப் பிடித்துச் சோற்றில் வைக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும், அவருக்கு யாரோ ஒருவர் பசியோடு போயிருக்க வேண்டும்.

கணேசன் என் விரலைப் பிடித்துச் சாதத்தில் வைத்தான். கறிகளில் வைத்தான். தொன்னைக்கு வந்தபோது அழுத்தி வைத்தான். என் விரல் பிரதமனில் கொஞ்சம் அதிகமாகவே முங்கிவிட்டது. வெதுவெதுவென்று இருந்தது.

பிறகு நான் சாப்பிட்டேன். பேசாமல். முந்தின ராத்திரிப் பட்டினி உதவி செய்தது. எனக்குள் அத்திம்பேர் வந்து இறங்கினார் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி யாரும் வரவில்லை. ஜெயா தொன்னையை மறுபடி மறுபடி நிரப்பினாள், நான் மறுபடி மறுபடி காலி செய்தேன். கடைசியில் மூச்சு விடுவதற்கே திட்டமிட வேண்டியிருந்தது.

இரண்டு சொல்

அங்கேதான் இந்த வாரம் ஆரம்பித்தோம். வாத்தியார் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தார், கணேசன் வாய் திறக்கவில்லை.

"சொல்லும்," என்றார் வாத்தியார் மறுபடியும். "த்ருப்தா: ஸ்த. திருப்தியாச்சான்னு கேக்கறது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவருக்குத் தோன்றியது. கணேசனின் கண்ணைப் பார்த்த எனக்குத் தோன்றவில்லை. சமையலறை வாசலில் ஜெயா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் கேட்காமலே நான் பதிலைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். அந்தப் பதில் எனக்குப் பாடம்தான். ஆனால் நான் பாங்கில் இருந்தவன்; இன்னொருவருடைய கையெழுத்தை நான் போட்டுப் பழக்கமில்லை. அத்திம்பேர் கேட்டது கிடைக்காமல் போனார். அவருக்குத் திருப்தி என்று நான் எப்படிச் சொல்வது?

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் என்னை நீங்கள் மெச்சுவீர்கள். யோசிக்கவில்லை. என் கை தொன்னையை அவன் பக்கம் நகர்த்தியது.

"ஒரு ஸ்பூன்," என்றேன். வாய் திறந்து. தமிழில்.

கனபாடிகள் கண்ணைத் திறந்தார். கணேசனின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ போயிற்று.

"ஓய், பேசப்படாதுன்னு நேத்திக்கே சொன்னேனே," என்றார் வாத்தியார். கொஞ்சம் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, கணேசனிடம் திரும்பினார். "செரி, கேட்டாச்சு. இந்த இலையில உக்காந்தவா வாய்விட்டு ஒண்ணு கேட்டா, இல்லைன்னு சொல்ல, திவசம் பண்ற கர்த்தாவுக்கு அதிகாரம் கிடையாது. போடும்."

அதிகாரம் கிடையாது. கணேசன் வாழ்நாளெல்லாம் கீழ்ப்படிந்த பாஷை அது. டாக்டருக்கும் மேலே இருந்து ஓர் உத்தரவு வந்துவிட்டது.

ஜெயா பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். குனிந்து தொன்னையில் விட்டான். ஒரு ஸ்பூன் கேட்டதற்கு ஓர் அகப்பை விழுந்தது. தொன்னை வழிந்து இலையில் ஓடியது. நான் எடுத்து, மெதுவாக, ஒரு துளி விடாமல் சாப்பிட்டேன். என் விரல் இலையிலிருந்து வாய்க்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணும் கூடவே போய்வந்தது. மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை எனக்கு.

நான் கையை இலையில் வைத்தேன்.

"போறுமாப்பா?" என்றான் கணேசன்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டான். என்னைக் கேட்கவில்லை. வாத்தியார் திருத்தவில்லை.

"போறும்," என்றேன். "திருப்தி."

பொய்யில்லை. இன்னொரு பருக்கைக்கு என்னிடம் இடமில்லை. தொண்டை வரை நிறைந்து, கனத்து, எழுந்திருக்க முடியாமல், கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல் ஆயிரம் வருஷமாக நடந்து வந்த பாதை முழுவதும் என் வயிற்றுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு முழத்துக்குள் அடங்கிவிட்டது.

கணேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு சொல்லையும் சம்ஸ்கிருதத்தில் முறைப்படி சொன்னான். நானும் முறைப்படி பதில் சொன்னேன். அதற்கப்புறம் இன்னொரு கேள்வி உண்டு. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. 'மிச்சமிருக்கும் அன்னத்தை என்ன செய்வது?' என்று பிள்ளை கேட்பான். 'உனக்கு இஷ்டமானவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு' என்பது பதில். போனவர் நிறைந்த வயிற்றோடு, இருப்பவனைச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போகிறார். அதை நான் வாய்க்குள் சொன்னேன். வாத்தியார்தான் உரக்கச் சொன்னார்.

நான் கூடத்துச் சுவரில் சாய்த்துவைக்கப்பட்டேன். கணேசன் உள்ளே இலைமுன் உட்கார்ந்தான். ஜெயா சாதம் போடப் போனாள். அவன் கையால் தடுத்து, பிரதமனைக் காட்டினான். அவள் அதை இலையில் விட்டாள். அவன் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு இன்னொரு வாய். அப்புறம் நிமிர்ந்தான்.

"ஜெயா, சுக்கு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுத்து."

ஜெயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமாம், ஜாஸ்திதான்," என்றாள். "அடுத்த தரம் கொறச்சுப் போடறேன்."

அன்று அந்த வீட்டில் அந்தப் பிரதமனை அதிகம் சாப்பிட்டவன் நான். சுக்கு அளவாகத்தான் இருந்தது.